ஆஸ்லினுக்கு எந்த ஓட்டல்

அக்காள்மடம்,
அக்டோபர் 14

அன்பு மகன் ஜெனிஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். புனேயில் நீங்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மா எதற்காகக் கடிதம் எழுதுகிறாள், அதையும் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். இரண்டு வருடமாக அப்படித்தான் நின்றிருக்கிறது. அதனால்தான் இந்தத் தாள்.

முதலில் வீட்டுச் சேதி. போன வாரம் முழுக்கக் காற்று, அப்பா கடலுக்குப் போகவில்லை. நேற்று முன்தினம் போய் கொஞ்சம் சூடை மீனும் நாலு நண்டும் கொண்டுவந்தார். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறார். அடுப்படியில் ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றியாயிற்று. மழையை நினைத்து நீ கவலைப்பட வேண்டாம்.

இனி நீ கேட்ட விஷயம். கல்லறைத் திருநாளுக்கு நீயும் ஆஸ்லினும் மூன்று நாள் வருகிறீர்கள். நம் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுக்கு ஓட்டலில் ரூம் போட நீ இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறாய். ஒன்று ராமநாதபுரத்தில், நீ மெம்பர் கார்டு வைத்திருக்கிற கம்பெனியின் ஓட்டல். சேர்ந்து கிடக்கிற பாயிண்டில் மூன்று நாளும் இலவசம், டிசம்பர் தாண்டினால் அந்தப் பாயிண்ட் செல்லாது என்று அதைப் பிடித்தும் வைத்துவிட்டாய். இன்னொன்று இங்கேயே நம் மெயின் ரோட்டில், புக்கிங் சைட்டில் போட்டால் மலிவாகக் கிடைக்கிறது. போட்டோவை நம்ப முடியாது, நேரில் பார்த்துச் சொல்லுங்கம்மா என்றாய். இரண்டையும் பார்த்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் உன் அம்மா ஓட்டல் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி ராமநாதபுரம் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றபோது காவல்காரர் திறந்துவிட்டார். கவுண்டரில் ஒரு கீழக்கரைப் பெண், லாமியா என்று பெயர், சிரித்த முகம். நீ அனுப்பியிருந்த கார்டு நம்பரைக் காட்டினேன். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் "ஜெனிஷ் சாரோட அம்மாவா? உக்காருங்கம்மா" என்று ஏசிக்குக் கீழே உட்காரவைத்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள். உனக்கு லிஃப்ட் பக்கத்து ரூம் பிடிக்காது, தலையணை உயரமாக இருக்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறதாம். நீ இந்த ஊர் ஓட்டலில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. நாசிக்கிலும் விசாகப்பட்டினத்திலும் ஐஸ் பிளான்ட் மெஷின் பழுது பார்க்கப் போன இடத்தில் சொன்னது இங்கே வரைக்கும் வந்திருக்கிறது. சைட்டில் ரூம் போடுகிறவன் வழிப்போக்கன், கார்டு வைத்திருப்பவன் வீட்டு ஆள் என்று நீ ஒருமுறை பெருமையாகச் சொன்னது சரிதான்.

ரூமில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விரிப்பு வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, குழாயைத் திறந்தால் வெந்நீர், காலையில் பூரி, பொங்கல் எல்லாம் இலவசம். ஆனால் பாயிண்டில் எடுத்த ரூமை இருபதாம் தேதிக்குப் பிறகு ரத்து செய்ய முடியாதாம். இன்னொன்றும் சொன்னாள். பாயிண்ட் ரூம் என்றால் கார்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டுத் தங்க வேண்டும். "சாரும் தங்குவாங்கள்லம்மா?" என்று கேட்டாள். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து மட்டும் போட்டுட்டாப் போதும்மா, நாங்க என்ன எட்டியா பாக்கப்போறோம்" என்று இறங்கி வந்தாள். நல்ல பெண். ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினாள். கீழே பெட்ரோல் பங்க். மூன்று நாள் ஆஸ்லின் தனியாக உட்கார்ந்து அந்த பங்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். பாம்பன் பாலம் வந்தும் அந்த நினைப்பு போகவில்லை.

மறுநாள் இங்கே மெயின் ரோட்டு ஓட்டலுக்குப் போனேன். பாக்கர் பாய் நடத்துகிறார், மேலும் கீழுமாகப் பன்னிரண்டு ரூம். சைட்டில் அதற்குப் பத்துக்கு ஏழு மார்க் போட்டிருக்கிறார்கள். அறையில் மீன் வாடை வருகிறது என்று யாரோ புகார் எழுதியிருக்கிறார். தீவுக்கு வந்துவிட்டு மல்லிகை வாசனையா எதிர்பார்த்தார்? ரூம் சின்னது. சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது. வெந்நீர் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், வாளியில் வரும். தலையணை கல் மாதிரி, உனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். "சைட்டுல போட்டா அவங்களுக்கு வேற பங்கு போகுது லீமா, நேரா வாங்க, கொறச்சித் தாரேன்" என்றார் பாக்கர் பாய். சைட்டில் போட்டால் வருவதற்கு முதல் நாள் வரைக்கும் ரத்து செய்யலாம் என்பது அதில் உள்ள வசதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாடியில் பின்பக்கத்து ரூமில் ஒரு ஜன்னல் இருக்கிறது. நாலு தென்னை, ஒரு மணல்மேடு, அதற்கு அந்தப் பக்கம் நம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவை. இறங்கி நடந்து பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ராமநாதபுரத்திலிருந்து வந்தால் ஒன்றரை மணி நேரம், அதுவும் யாராவது கூட்டிக்கொண்டு வர வேண்டும். இங்கே தங்கினால் யாரையும் கேட்காமல், யாருக்கும் காத்திருக்காமல், நினைத்த நேரத்தில் எழுந்து அவள் பென்னியிடம் போகலாம். பெற்றவளுக்கு அந்த வசதி எந்தக் கார்டிலும் கிடைக்காது.

ஓட்டல் சங்கதி இவ்வளவுதான். ஆனால் ஜெனிஷ், நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைச் சொல்கிறேன். அவளை ஓட்டலில் விட்டுவிட்டு நான் நம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாய். திரும்பும்போது அவளை வேம்பாரில் அவள் அம்மா வீட்டிலேயே விட்டுவிடப் போகிறேன், இனி சேர்ந்து வாழ முடியாது என்றாய். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள், இப்போது உங்களையும் அவமானப்படுத்துகிறாள் என்றாய். நான் உம் கொட்டிக் கேட்டேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மகன் என் பக்கம் என்று. போனை வைத்த பிறகுதான் என்மீதே எனக்கு வெறுப்பு வந்தது.

பென்னிக்குக் காய்ச்சல் வந்த அன்று நீ விசாகப்பட்டினத்தில் இருந்தாய், அப்பா கடலில் இருந்தார். வீட்டில் நானும் ஆஸ்லினும்தான். காலை பத்து மணிக்கு அவள் பிள்ளையைத் துண்டில் சுற்றி, தோளில் பையை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "மாமி, அனல் மாதிரி கொதிக்குது, ராம்நாடு ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றாள். நல்ல மழை. பதினோரு மாதப் பிள்ளை, பல் முளைக்கிற காய்ச்சல் என்று நான் சொன்னேன். "மூணு பிள்ளை வளத்தவ சொல்றேன், கேளு. இந்த மழையில பாலத்துல கொண்டுபோயி சளி கட்டவா?" என்று கத்தினேன். அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் மறுத்தேன். மூன்றாம் தடவை கேட்டபோது அவள் தோளிலிருந்த பையை நான்தான் பிடுங்கி ஆணியில் மாட்டினேன். பிள்ளையையும் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் அழுதாள். வந்த வீட்டில் அடங்கி இருக்கத் தெரியவில்லை என்று அதற்கும் திட்டினேன்.

மூன்று மணிக்குப் பென்னிக்கு வலிப்பு வந்தது. ஆட்டோவில் பாலம் தாண்டும்போது அவன் என் மடியில்தான் இருந்தான். காலையிலேயே கொண்டுவந்திருக்கலாமே, இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் திரும்பி ஆஸ்லினைப் பார்த்தேன். அவர் அவளைக் கேட்க வேண்டும் என்பது போலப் பார்த்தேன். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

மறுநாள் நீ வந்து இறங்கினாய். ஏன் இவ்வளவு நேரம் வைத்திருந்தாய் என்று சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் முந்தானையால் முகத்தை மூடி அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன், ஆனால் மூடியது அழுகையை மட்டும் இல்லை. "தெரியல" என்று அவள் சொன்னாள். "நீயெல்லாம் ஒரு தாயா" என்று நீ கேட்டாய். அப்போதும் நான் சொல்லவில்லை. ஏழாம் நாள் பூசையில் சொல்லவில்லை. போன வருடம் நீ மட்டும் வந்து என் கையால் சாப்பிட்டபோதும் சொல்லவில்லை.

இரண்டு வருடமாக அவள் உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நான் நினைக்காத நாள் இல்லை. சொன்னாலும் நீ நம்ப மாட்டாய் என்று இருக்கலாம். பிள்ளையை இழந்தவனுக்கு அம்மாவையும் இல்லாமல் ஆக்க வேண்டாம் என்று இருக்கலாம். எதுவானாலும் அவள் என்னைக் காப்பாற்றினாள், நான் அவளைக் காட்டிக்கொடுத்தேன். இதற்குமேல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, மகனே.

நேற்று பாக்கர் பாய் ஓட்டலிலிருந்து திரும்பியதும் அப்பாவிடம் முதலில் சொன்னேன். வலையைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. கடைசியில் "பயலுக்கு எழுதிரு. ஒண்ணையும் மறைக்காம எழுது" என்றார். இன்று காலையிலிருந்து எழுதுகிறேன், இது மூன்றாவது தாள். முதல் இரண்டிலும் மழையைக் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டேன் என்று கிழித்துப்போட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. இருபதாம் தேதிக்கு முன்னால் ராமநாதபுரத்து ரூமை ரத்து செய். பாயிண்ட் வீணானால் வீணாகட்டும். சைட்டில் பாக்கர் பாய் ஓட்டலைப் போடு. மாடி, பின்பக்கம், இரண்டு பேருக்கு. உன் பெயரும் அவள் பெயரும் அதில் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை முழுக்க அவளிடம் கொடு. படித்துவிட்டு இந்த ஊருக்கே வர வேண்டாம் என்று அவள் நினைத்தால், அந்த ரூமைக் கடைசி நாள்கூட ரத்து செய்யலாம். அவளைக் கட்டாயப்படுத்தாதே. ஒரு தடவை கட்டாயப்படுத்தினேன், போதும்.

வந்தால், மூன்று நாளும் நீ அந்த ரூமில் அவளோடு இரு. கல்லறைத் திருநாள் அன்று காலையில் நானும் அப்பாவும் அந்தப் பக்கம் வர மாட்டோம். காலை உங்களுக்கு. சாயங்காலம் ஃபாதர் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க வரும்போது கூட்டத்தோடு நாங்கள் வந்துகொள்கிறோம். பென்னிக்குக் கொளுத்த மெழுகுவர்த்தி வாங்கி பாக்கர் பாயிடம் கொடுத்துவைக்கிறேன். நான் வாங்கியது என்று பிடிக்காவிட்டால் அவள் வேறு வாங்கிக்கொள்ளட்டும்.

நீ சொன்ன வார்த்தைக்கு நீ அவளிடம் மன்னிப்புக் கேள். என் பங்கை உன்னிடம் கொடுத்தனுப்ப மாட்டேன். அதை நான்தான் கேட்க வேண்டும், அவள் எப்போது அனுமதிக்கிறாளோ அப்போது. அனுமதிக்காவிட்டால் அதுவும் அவள் உரிமை. என்மீது உனக்குக் கோபம் வரும். வரட்டும். அதை என்னிடம் காட்டு, அவளிடம் காட்டாதே.

வீட்டுக்கு வந்து என்னோடு சாப்பிட வேண்டும் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நண்டு குழம்பு வைத்து வாசலைப் பார்த்து உட்காரத்தான் மனம் சொல்லும். ஆனாலும் கேட்டுக்கொள். அவளோடு வந்தால் வா. அவளை அங்கே விட்டுவிட்டு நீ மட்டும் வந்து நின்றால், நான் கதவைத் திறக்க மாட்டேன்.

இரண்டு பேரையும் மாதா ஒன்றாகவே காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
லீமாரோஸ்