கரைய மறுத்த தீவு

ஜூலை 5, சனி

கிளிவெட்டி ஆலையிலிருந்து உமிச்சாம்பல் வந்துவிட்டது. காலையில் தொடங்கிய தும்மல் இன்னும் நிற்கவில்லை. துறைமுகத்தடியில் உள்ள இந்தச் சீமெந்துக் கிட்டங்கியை அபூதாஹிர் காக்கா என் கண்காட்சிக்குச் சும்மாதான் தந்திருக்கிறார். தரை கறுத்துப் போனதைப் பார்த்துவிட்டு, செருப்பை வாசலில் தட்டிவிட்டுப் போனார். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தொங்காவில் எரிமலை வெடித்துக் கடலுக்குள்ளிருந்து ஒரு தீவு எழும்பியது. அதில் புல் முளைத்தது, பறவை கூடு கட்டியது. ஏழு வருடத்தில் அதே எரிமலை அதைத் தூக்கி எறிந்துவிட்டது. என்னுடைய தீவு சாம்பலும் களிமண்ணும். தண்ணீர்த் தொட்டிக்கு நடுவில் இருக்கும். மேலே ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். கடைசி நாள் அன்று அது முழுதாகக் கரைந்து போகவேண்டும். அதுதான் முழு வேலையும். கரையாவிட்டால் அது வெறும் சாம்பல் குவியல்.

ஜூலை 8, செவ்வாய்

இராகுலன் ஒலியும் ஒளியும் பூட்டி முடித்துவிட்டார். தண்ணீரின்மேல் கடல் படம் ஓடுகிறது, தரைக்கடியிலிருந்து உறுமல் வருகிறது, கூரைத் தகரம் அதிர்கிறது. "காணுமா?" என்று கேட்டார். காணாது. எனக்கு எதுவும் போதாது.

உம்மா இன்றும் காணி பார்த்து வந்தார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் நாங்கள் விட்டு ஓடிய காணி. இப்போது யாரோ அடித்த கம்பிவேலிக்குள் இருக்கிறது. மாதம் தவறாமல் பஸ் ஏறிப் போய், வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வருவார். எதற்கு என்று நான் கேட்பதில்லை. கேட்டால் சண்டை வரும்.

ஜூலை 12, சனி

திறந்தாயிற்று. நல்ல கூட்டம். மீன் வாடி வைத்திருக்கும் ஆதம்பாவா தீவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நல்லாத்தான் இரிக்கி புள்ள. இது ஆருட காணி?"

"ஆருடையதும் இல்ல."

"அப்பிடி ஒரு காணி இந்த ஊரில இல்லையே."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். மூடும்போது பார்த்தால் தீவின் ஓரத்தில் ஒரு பூவரசங் கதியால், கைநீளப் பச்சைக் கொப்பு, நிற்கிறது. வேலிக்கு நடுவதுபோலவே முனையைச் சாய்வாக வெட்டி, ஆழமாகக் குத்தியிருக்கிறார்கள். யார் பார்த்த வேலை இது?

ஜூலை 13, ஞாயிறு

இன்று பார்க்க வந்தவர்கள் ஆறேழு குச்சி குத்தியிருக்கிறார்கள். இடையில் நூல். ஒரு மட்டையில் 'தனியார் காணி' என்று வேறு.

ஜூலை 14, திங்கள்

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன், கதியாலையும் சேர்த்து. 'தொடவேண்டாம்' என்று மூன்று மொழியில் பலகை எழுதித் தொங்கவிட்டேன். இராகுலன் சிரிக்கிறார்.

"எங்கட ஊரில பலகை போட்டால் காணி பிடிச்சாச்சு எண்டுதானே அர்த்தம். இப்ப நீங்களும் ஒரு பலகை போட்டிருக்கிறீங்கள்."

இந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை? நானும் இந்த ஊரில்தானே பிறந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

தீவு முழுக்க வேலி, ஆளுக்கொரு துண்டு. அந்தக் கதியால் அதே இடத்தில் திரும்பவும் நிற்கிறது.

ஜூலை 16, புதன்

சண்டை. அதுவும் சாம்பலுக்கு. அன்புவழிபுரத்துப் பாக்கியரத்தினம், அரசாங்கக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர், ஆதம்பாவாவைப் பார்த்து, "உங்கட நூல் ஒரு சாண் உள்ளுக்கு வந்திட்டுது" என்றார். முதலில் பகிடிதான். பிறகு குரல் ஏறியது, யார் யாருடைய காணியைப் பிடித்தார்கள் என்ற பழைய கதைகள் வந்தன. யாரோ அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். பின்னேரம் அபூதாஹிர் காக்கா போன் எடுத்தார். "இன்னொருக்காப் பிரச்சின வந்தா மூடிருங்க மகள்."

ஒரு வருட வேலை இது.

ஜூலை 17, வியாழன்

தீவு கரையவில்லை. குச்சிகளும் நூலும் சாம்பலைப் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீர் வேலிக்கு வேலி தடைப்பட்டு நிற்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கரைவதைப் பதிவுசெய்ய இராகுலன் கமரா பூட்டியிருந்தார். முதல் நாள் பதிவை ஓட்டிப் பார்த்தோம். கூட்டம் விலகியதும் ஒரு கறுத்த அபாயா குனிகிறது, பையிலிருந்து கதியாலை எடுக்கிறது. உம்மா. மூன்றாம் நாள் நான் அதைப் பிடுங்கி எறிகிறேன். நாலாம் நாள் உம்மா திரும்பவும் வந்து நடுகிறார். இராகுலன் பதிவை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

ஜூலை 18, வெள்ளி

கேட்டேன். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"எங்கட வேலிப் பூவரசு மரமாப் போயிட்டு மகள். ஒரு கொப்பு கம்பிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இரிக்கி. அதிலதான் முறிச்சன்."

"அதுக்கு என்ட தீவுதானா கிடைச்சது?"

"அங்க நட ஏலாதே."

எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று இன்னும் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கடைசி நாள். கரைவதைப் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் தீவு கல்லுப்போல நின்றது. எல்லாரும் தங்கள் குச்சியை எடுங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. பாக்கியரத்தினம் ஆதம்பாவாவைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார்.

"அவர் எடுக்கட்டும்."

"ஐயா முதல்ல எடுக்கட்டும்."

கடைசியில், ஒன்றாய் இழுப்போம் என்று இருவரும் குனிந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடியே இழுத்தார்கள். பிறகு எல்லாரும் எடுத்தார்கள். இராகுலன் உறுமலைக் கூட்டினார். தண்ணீர் உள்ளே புகுந்தது, கறுப்பாக, பெரிய பெரிய துண்டாக விழுத்தியது. நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது.

உம்மா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. அருகே போனேன்.

"எனக்கு ஏலாது மகள்."

கதியாலைச் சுற்றி ஒரு கூடையளவு சாம்பல் மிச்சமாக நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் போயிருக்கும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் குழாயை மூடினேன்.

ஆகஸ்ட் 9, சனி

கிட்டங்கித் தரையைக் கழுவிக் கொடுத்தாயிற்று. சீமெந்து மூட்டைகள் திரும்பவும் ஏறிவிட்டன.

கதியால் லிங்கநகரில், எங்கள் வாடகை வீட்டு வாசலில், கைப்பிடி உடைந்த பெயிண்ட் வாளிக்குள் நிற்கிறது. துளிர் விட்டிருக்கிறது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், படலையடியில் நடச் சொன்னார். உம்மா கேட்கவில்லை. "இங்க வேர் ஓடினா பிறகு கிளப்ப ஏலாது."

இன்று வேலைக்குப் போகும்போது பார்த்தேன். உம்மா வாளியின் இரண்டு பக்கமும் துளை போட்டு, நைலோன் கயிற்றை மூன்றாக முறுக்கிக் கைப்பிடி கட்டியிருக்கிறார். தூக்கிப் பார்த்தேன். தாங்குகிறது.