குடமுழுக்கில் வந்த பருந்து

பிரமாதி வருடம், தை மாதம், வளர்பிறை தசமி, இரவு.

ஏரிக்கரைப் பெருமாள் கோயிலின் குடமுழுக்கு இன்று நடந்தேறிற்று. என் மனம்தான் ஆறவில்லை.

கருடன் வானில் வட்டமிட்ட பின்னரே கலசநீர் சொரிய வேண்டும். பட்டர் விமானத்தின்மேல் குடத்துடன் காத்திருந்தார். திடீரெனக் கூட்டம், "கருடன்! கருடன்!" என்று கூவிற்று. நான் ஏரியைப் பார்த்தேன். சிதறி மேய்ந்த, நெற்றியில் வெண்ணாமம் கொண்ட நீர்ப்பறவைகளான நாமக்கோழிகள் நீரை அடித்துக்கொண்டு ஓடி, ஒரே கருங்கும்பலாய் நெருங்கின. கருடன் பறந்தால் அவை பொருட்படுத்துவதில்லை. தங்களைக் கொன்று தின்னும் பூனைப்பருந்துக்கே அவ்வாறு ஒடுங்கும். வந்த பறவையின் தலை வெளுத்திருந்தது உண்மையே, மார்போ பழுப்பு.

"பொறுங்கள், இது கருடன் அன்று. ஏரியில் கோழிகள் ஒடுங்குவதைப் பாருங்கள்" என்றேன்.

என் மனைவியின் தம்பியான தர்மகர்த்தா கூப்பிய கையுடன் சிரித்தார். "ஏனுங்க மாமா, கோழிக்குத் தெரிஞ்சது இத்தன சனத்துக்குத் தெரியாதுங்களா? பசியில கண்ணு மங்கிருச்சாட்டம் இருக்குதுங்க. போயி எலையில உக்காருங்க!"

நீரைச் சொரிந்துவிட்டார்கள்.

எல்லோரும் உணவுக்குச் சென்றபின் வந்தான், வெண்மார்பும் செம்மேனியுமாய், மெய்யான கருடன். கோயிலை வலம் வந்தான். கோழிகள் மேய்ந்துகொண்டே இருந்தன. பந்தியில் ஒருவரும் நிமிரவில்லை.

முன்னே சொரிந்த நீர் செல்லுமோ, செல்லாதோ? வாய் திறந்தால் ஊரார் நிம்மதி கெடும். மூடினால் என் உறக்கம் கெடும். கைகூப்பினேனே ஒழிய, கோபம் தணியவில்லை. பெருமாளைச் சுமக்கும் பெரியோனே, அரை நாழிகை முன்னதாக வந்திருந்தால் உன் சிறகு தேய்ந்தா போயிருக்கும்?