மலர் வராத மில்

வைகாசி, திங்கள்

காலையிலேயே கொளுத்துகிறது வெயில். மிளகாய்க்கு நல்லது, ஆளுக்குக் கூடாது. புது மில்லுக்குக் கூரை போட்டு முடிந்தது. கோப்பாயில் என் குசினியில் ஒற்றைத் தாச்சியில் மிளகாய் வறுத்து, தூளைச் சைக்கிளில் கட்டிச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனவள் நான். இப்போது ஏழு பெண்கள் என்னோடு. எல்லாரும் போரில் புருசனை இழந்ததுகள். அதுகளின் பிள்ளைகளின் படிப்புச் செலவும் மில் வருமானத்தில்தான்.

வெள்ளி திறப்பு. கூரைக்கு உதவின கனடா ஐயா போனில்: "பெயர்ப் பலகையிலை விதவைகள் எண்டு போடுங்கோ அக்கா. பாக்கிற ஆக்கள் இன்னும் உதவுவினம்." ஓம் என்றேன். பெயின்ரருக்கு நானே சொல்லிக் கொடுத்தேன்: விதவைகளின் மிளகாய்த்தூள் ஆலை. சிவப்பு எழுத்து. கீழே உபயம் என்று கனடா ஐயாவின் பேர்.

வாங்க: வெற்றிலை, கற்பூரம், வடைக்கு உழுந்து.

செவ்வாய்

வாசலுக்கு மேலே பலகை பூட்டியாயிற்று. கீழே நின்று எல்லாரும் படம் எடுத்தார்கள். ஏழு பேரில் மலர் மட்டும் வரவில்லை.

"எடி, உன்ரை முகத்தைக் கண்டால் கமரா வெடிச்சிடுமெண்டு பயமோ?"

நான் விட்ட பகிடிக்கு அவள் சிரிக்கவில்லை. வறுத்த மல்லியை ஆறப் பரப்பிவிட்டு மத்தியானமே போய்விட்டாள்.

புதன்

மலர் இல்லை. காய்ச்சலாக்கும் என்றேன். கூட வேலை செய்யும் ராணி, "காய்ச்சல் இல்லை அக்கா. உங்கடை பலகை" என்றாள்.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. மலரின் புருசன் காணாமல் போனவர். செத்ததாக எவரும் சொல்லவில்லை. மற்றவர்கள் வருசாவருசம் திவசம் கொடுக்கிறார்கள், அவள் ஒருநாளும் கொடுத்ததில்லை. தாலியும் குங்குமமும் அப்படியே. அந்தப் பொட்டைப் பார்த்து, "ஆரையடி மயக்கப் போறாய்?" என்று நான் விட்ட பகிடிகள் எத்தனை.

பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தாள்.

"ஒரு சொல்லுக்கே இவ்வளவு கோவம்?"

"கோவமில்லை அக்கா. அதுக்குக் கீழாலை உள்ளுக்கை வந்தால், அவர் செத்திட்டார் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி."

"நாளைக்கே அழிக்கிறன்."

"அழியுங்கோ. ஆனா மனசிலை நீங்கள் அப்பிடித்தானே வைச்சிருந்தனீங்கள்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை நானே கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

வியாழன்

மூட்டம். மழை இல்லை. அந்தச் சொல்லின் மேல் பெயின்ற் அடித்தாயிற்று. கனடா ஐயாவுக்குச் சொன்னேன். "அப்ப என்ரை பேரையும் எடுத்துவிடுங்கோ" என்று போனை வைத்தார். அவர் தருவதாகச் சொன்ன புது மெசினும் இனி இல்லை.

ராணி: "பழைய மெசின் உங்களை மாதிரி அக்கா. சத்தம் கூட, ஆனா ஓடும்."

சிரித்தேன்.

வெள்ளி

திறப்பு. தேங்காய் நல்லபடி உடைந்தது. வடை கொஞ்சம் உப்பு.

எல்லாம் முடிந்தபின் மலர் வந்தாள். கையில் பை. மனம் துள்ளியது. உள்ளே வரவில்லை. சனம் அரைக்க மிளகாய் கொடுக்கும் யன்னலுக்குப் போய்ப் பையை வைத்தாள்.

"அரைச்சுத் தாங்கோ அக்கா."

"உள்ளுக்கை வாடி" என்று ராணி கத்தினாள். அசையவில்லை.

"எப்பவடி வேலைக்கு வாறாய்?" என்று நான் கேட்டேன்.

"அவர் வரட்டும் அக்கா. கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

முகத்தில் சிரிப்பு. பகிடியோ, மெய்யோ. நான் என்ன சொல்வேன் என்று எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

அரைத்துக் கொடுத்தேன். தூள் சுட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.