சாமிக்குச் சொன்ன மௌனம்

மார்ச் 4

காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. மத்தியானம் தொண்டையில் புற்றுநோய் என்கிறார்கள். ஒரே நாளில் மனுஷி எத்தனையைத்தான் தாங்குறது?

குரல்நாணில், கடுகளவு. ஆரம்பம்தான், பயப்படாதீங்க என்றார் டாக்டரம்மா. வழி இரண்டு. லேசரால் ஒரே நாளில் செதுக்கி எடுப்பது, இல்லையென்றால் ஆறு வாரம் கதிர்வீச்சு வைப்பது. "ரெண்டுலயும் குணமாகும்மா. ஆனா உங்களுக்குக் கட்டி இருக்கிற இடத்துல செதுக்கினா குரல் கரகரன்னு நின்னுடலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

மார்ச் 5

விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். ஒரு மாசம் வாயே திறக்க மாட்டேன் சாமி, கூட இருந்து காப்பாத்து.

மார்ச் 7

வீடே குளிர்ந்துபோயிருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறவர் என் வீட்டுக்காரர். நேற்று அவர் செய்தியை முழுசாகக் கேட்டாராம். நாத்தனார் வேறு, "பேசாம இருந்தா அண்ணி எவ்வளவு லட்சணமா இருக்காங்க" என்கிறாள். நாக்கு அரிக்குது. சாமி, இது விரதமா, தண்டனையா?

மார்ச் 11

டாக்டரம்மா கேட்டது என்னை. பதில் சொன்னது நாத்தனார்.

"ஆபரேஷனே பண்ணிடுங்க டாக்டர். ஒரே நாள்ல முடிஞ்சிடும். இந்த வயசுல இவங்க என்ன கச்சேரியா பண்ணப்போறாங்க?"

இவரும் தலையாட்டுகிறார். தையல் ஆலையில் வேலைக்கு வர்றவங்க குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேனே, நான் பாடாமல் அதுகளில் ஒன்றாவது தூங்குமா? இதுகூடவா தெரியாது இவங்களுக்கு?

"உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்றார் டாக்டரம்மா. நீயே துணை என்று சாமியை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தேதி குறித்துவிட்டார். என் கையை எதால அடிக்க?

மார்ச் 13

விரதத்தை உடைச்சிட்டேன். தனியாகப் போய், "கதிரே வைங்கம்மா. அன்னைக்குக் கும்பிட்டது உங்களை இல்ல, சாமியை" என்றேன்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார்: "அந்த இடத்துல மறுபடி கதிர் வைக்கிறது கஷ்டம். திரும்ப வந்தா ஆபரேஷன்தான்."

"வந்தா பாத்துக்கலாம். இப்ப எனக்குப் பாட்டு வேணும்."

வீட்டில் நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "உங்க நல்லதுக்குத்தானே அண்ணி சொன்னேன்?"

"என் நல்லதை என் வாயால நானே சொல்லிக்கிறேன்."

ஏப்ரல் 24

கதிர் வைக்க வைக்க தொண்டை முழுக்க நெருப்பு. எச்சில் இறங்கலை. பேசினால் காற்றுதான் வருகிறது. நாத்தனார் தினமும் கஞ்சி ஆற்றிக்கொண்டு வருகிறாள். பாத்திரம் காலியாகும்வரை அவள் வாயும் மூடுவதில்லை. ஒரு பதில் சொல்ல வழியில்லை எனக்கு. பாதியில் விட்ட மௌனத்தைச் சாமி வட்டியோடு வாங்கிக்கொள்கிறார். நல்ல கணக்குதான் போ.

மே 6

கதிர் முடிந்தது. பேச எதுவுமில்லை. பேசவும் முடியலை.

ஆகஸ்ட் 9

தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சுத்தமாக இருக்கிறதாம். அடிக்கடி வந்து காட்டச் சொன்னார்கள்.

குழந்தைகளுக்குப் பாடினேன். மேலே போகவில்லை குரல். கீழேயே ஓட்டினேன். தூங்கிவிட்டார்கள்.

ராத்திரி இவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்ததும் ரிமோட்டை எடுத்தார். ஆரம்பிச்சாச்சா, கூட்டு, கூட்டு என்று நினைத்தேன். டிவியை அணைத்துவிட்டு, "ம், சொல்லு" என்கிறார்.

சொல்ல வந்ததே மறந்துபோச்சு.