யாகொதாவின் பவளமும் அத்தையின் சன்னலும்

நவம்பர் 11

பஸ் டிப்போவிலிருந்து வந்து பார்த்தால் மறுபடியும் சொட்டு நின்றிருக்கிறது. பவளத் தொட்டிக்கு இந்த ரியாக்டரை மாட்டி இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே மறந்துவிடும். தொட்டியின் உப்புத் தண்ணீர் இந்தக் கண்ணாடிக் குழலுக்குள் போகிறது. சிலிண்டரிலிருந்து கரியமில வாயு குமிழ் குமிழாக வந்து கலக்கிறது. தண்ணீர் புளிக்கிறது. புளித்த தண்ணீர், உள்ளே நிரப்பியிருக்கும் செத்த பவளத் துண்டுகளைக் கரைக்கிறது. அந்தச் சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குப் போய் உயிரோடிருக்கும் பவளத்துக்கு எலும்பாகிறது. கேட்கச் சுலபம்.

என் மனைவி யாகொதாவுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. காலையில் எழுந்ததும் இரண்டு பாட்டில்களிலிருந்து அளந்து ஊற்றுவாள், அவ்வளவுதான். எனக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மாலை ஷிப்ட். ஊற்றினேனா இல்லையா என்பதே நினைவிருக்காது. அதனால்தான் இந்த இயந்திரம்.

வருகிற பிப்ரவரியோடு அவள் போய் இரண்டு வருடம். எனக்கு விட்டுப்போனது இரண்டு: தொட்டி ஒன்று, அவள் அம்மா ஒன்று. இரண்டுக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

நவம்பர் 13

இஷ்த்வான் வந்தான். சோடா போடுகிறவன். என் சிலிண்டருக்கு வாயு அடைத்துத் தருவதும் அவன்தான். அவன் வீட்டிலும் பவளத் தொட்டி உண்டு, யாகொதாவும் அவனும் துண்டு மாற்றிக்கொள்வார்கள். பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்து வால்வில் தடவினான். இணைப்பில் நுரை பொங்கியது.

"கிரதா, வாயு பாதி தொட்டிக்குப் போகலடா. உன் மாமியார் மூக்குக்குத்தான் போகுது."

"எனக்குக் காது நல்லாவே கேக்குது" என்றார் அத்தை சமையலறையிலிருந்து.

வாஷர் மாற்றினோம். சொட்டுக் குழாயில் அடைத்திருந்த சேற்றை ஊசி விட்டுக் குத்தி எடுத்தோம். போகும்போது அத்தை அவனுக்கு ஒரு பாட்டில் மிளகாய் ஊறுகாய் கொடுத்து, "கழுத்த மூடிக்கிட்டுப் போப்பா, தம்பி" என்றார். என்னிடம் திரும்பி, "நீங்க சாப்பிடுறதா இருந்தா அடுப்புல சூப் இருக்குங்க."

அடக்கத்துக்குப் பிறகு நான் "நீங்க" ஆகிவிட்டேன். இருபத்தோரு வருடம் "மாப்ள, வாடா, தின்னு" என்று கூப்பிட்ட வாய்.

நவம்பர் 20

சொட்டு ஓடுகிறது. தூங்கப் போகிறேன்.

நவம்பர் 30

சொட்டு ஓடுகிறது, பம்ப் முனகவில்லை, வாயு கசியவில்லை. காரத்தன்மைச் சோதனையில் நீலம் மஞ்சளாக மாறவேண்டிய சொட்டில் மாறுகிறது. ஆனால் தொட்டித் தண்ணீர் மட்டும் புளிப்புப் பக்கம் சாய்ந்தே கிடக்கிறது. மீட்டர் 7.7க்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. எட்டைத் தாண்டவேண்டும்.

யாகொதாவின் நீலக் கிளைப் பவளம் அடியிலிருந்து தோல் உரிகிறது. விரல் நுனி அளவு துண்டாக அவள் கொண்டுவந்து ஒட்டியது, இப்போது என் இரண்டு கையும் சேர்த்த அளவு. மற்றவை போனால் போகட்டும். இது போகக்கூடாது. ரியாக்டர்தான் புளிப்பை அள்ளிக் கொட்டுகிறது போல. குமிழைக் குறைத்தேன்.

டிசம்பர் 8

மீட்டர் பொய் சொல்கிறதோ என்று புதுக் கரைசல் வாங்கிச் சரிபார்த்தேன். சொல்லவில்லை.

டிசம்பர் 19

புனித நிக்கோலாஸ் நாள். எங்கள் ஸ்லாவா, குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள். இதற்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை, வரத் தெரிந்தவர்கள் வருவார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மெழுகுவத்தி, சாம்பிராணி, நாள் முழுக்க அடுப்பில் மீன் சூப், முன்னறையில் டிப்போக் கூட்டம் மொத்தமும் புகைவிட்டுக்கொண்டு. சன்னல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அத்தை இருக்கும்போது யார் திறப்பது?

டிரைவர் ராதிவோயே தொட்டியைத் தட்டி, உள்ளே நீந்தும் மீனைக் காட்டி, "நோன்பு நாளுல மீனுதான திங்கணும், அத்தை? இது எப்ப தட்டுக்கு வரும்?" என்றான். "உன் மூஞ்சியப் பாத்தா அதுங்களே செத்துப்போகும், கைய எடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கூட்டத்தில் கவனிக்க முடியாது என்று நேற்றே வாயு வால்வை இறுக மூடிவிட்டேன். எல்லோரும் போனபின் மீட்டரைப் பார்த்தால் 7.5. இதுவரை இல்லாத இறக்கம். வாயுவே போகாதபோது எப்படி இறங்கும்? தலை வலிக்கிறது. பாத்திரம் மலையாகக் கிடக்கிறது.

ஜனவரி 7

எங்கள் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ். அத்தையும் நானும். ரொட்டிக்குள் வைத்த காசு எனக்கு வந்தது. அதிர்ஷ்டமாம்.

ஜனவரி 18

அத்தை பன்றிக் கொழுப்பு உருக்க வைத்துவிட்டு நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டார். நான் கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் புகை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் முற்றத்துப் பக்கச் சன்னலைத் திறந்தேன், தெருப் பக்கச் சன்னலையும் திறந்தேன். காற்று வீட்டுக்குள் குறுக்கே பாய்ந்தது. திரைச்சீலை கூரையைத் தொட்டது.

அத்தை இருமிக்கொண்டே எழுந்தார். புகையைப் பார்க்கவில்லை. இரண்டு சன்னலையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். புகை போகும்வரை வெளியே வரவில்லை.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். யாகொதாவுக்கு வந்தது கணையத்தில் புற்றுநோய். டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருத்துவமனை நடையில் என் சட்டையைப் பிடித்துச் சொன்னது இதுதான்: "ஜூலை மாசம் தலைக்குக் குளிச்சிட்டு, ஈரத்தோட ரெண்டு சன்னலுக்கு நடுவுல உக்காந்திருந்தா. குறுக்குக் காத்து. தெறந்தது யாரு?"

நான்தான் திறந்தேன். வெயில் கொளுத்தியது. அவள்தான் திறக்கச் சொன்னாள்.

குறுக்குக் காற்று ஆளைக் கொல்லும் என்று நம்புகிற இந்த ஊரில் ஆகஸ்ட் மாத பஸ்ஸில்கூட இரண்டு பக்கச் சன்னலைத் திறந்தால் அடிதடி ஆகும், புகார் என் மேசைக்குத்தான் வரும். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவேன். வீட்டில் சிரிக்க முடிவதில்லை.

ஜனவரி 19

காலையில் மீட்டர் 8.1!

வாயு வால்வு திறந்தபடிதான் இருந்தது. நான் எதையும் தொடவில்லை. பவளத்தின் மொட்டுகள் விரிந்திருந்தன.

எவ்வளவு மடையன் நான். ரியாக்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேனே — குற்றம் அதன் உள்ளே இல்லை, வெளியே. மூடிய வீடு, நாளெல்லாம் எரியும் கேஸ் அடுப்பு, இரண்டு பேர் மூச்சு, ரியாக்டர் விடுகிற மிச்சம். எல்லாக் கரியமில வாயுவும் இந்த அறைக்குள்ளேயே நிற்கிறது, தண்ணீர் அதைத்தான் குடிக்கிறது. ஸ்லாவா அன்று இறங்காமல் என்ன செய்யும்! ஊரே வந்து அதன்மேல் மூச்சுவிட்டது. யாகொதா இருந்தபோது சன்னல் எப்போதும் திறந்திருக்கும். அம்மாவோடு தினம் அதற்கு ஒரு சண்டை.

வேண்டியது சன்னல். இந்த வீட்டில் என்னால் கேட்க முடியாத ஒரே பொருளும் அதுதான்.

ஜனவரி 24

ஒரு வழி. தொட்டி அழுக்கை நுரையாகப் பிரிக்கும் பம்ப் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீரில் அடிக்கிறது. அது வெளிக்காற்றை உறிஞ்சட்டும். சன்னல் சட்டத்தில் துளையிட்டு மெல்லிய டியூபை வெளியே விட்டேன், சுற்றிலும் மெழுகு வைத்து அடைத்தேன். அத்தை சர்ச்சுக்குப் போயிருந்த நேரம்.

ஜனவரி 28

மூன்று நாள் ஏறியது. இன்று மறுபடி 7.7. டியூபைத் தடவிக்கொண்டே போனால், வெளிமுனையில் கம்பளிக் காலுறைத் துண்டு திணித்திருக்கிறது. என்னுடைய காலுறை.

"அத்தை, இது என்ன?"

"ஓட்டையில காத்து வருது. என் இடுப்பு ரெண்டு நாளா புடிச்சிக்கிச்சு."

"அது வீட்டுக்குள்ள வரல அத்தை, பம்புக்குள்ள போகுது! உங்க பொண்ணு வளத்தது செத்துக்கிட்டிருக்கு, தெரியுதா? மூச்சு முட்டிச் செத்துக்கிட்டிருக்கு, உங்களால!"

கத்திவிட்டேன். இரண்டு வருடத்தில் முதல் முறை. அவர் நடுங்கவில்லை, அழவில்லை.

"எம்பொண்ணக் கொன்னதே அந்தச் சன்னல்தாங்க. இப்ப அவ பேரச் சொல்லி அதையே தெறக்கச் சொல்றீங்க."

அவரைப் போல எனக்கும் எழுபத்தெட்டு வயது ஆனதுபோல் இருந்தது.

பிப்ரவரி 1

முடிவு செய்தேன். இஷ்த்வானுக்குப் போன் போட்டு நீலப் பவளத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவனிடமாவது பிழைக்கும். "டேய், யோசிச்சுச் சொல்றியா?" என்றான். யோசிக்கக்கூடத் தெம்பில்லை என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

அத்தையிடமும் சொன்னேன். பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அது போயிடுமா? அவ கையால ஒட்டினதுதான அது?" என்றார்.

"ஆமா, அத்தை."

"சரிங்க."

பிறகு வெகுநேரம் பொறுக்கிய பீன்ஸையே மறுபடியும் பொறுக்கினார்.

பிப்ரவரி 5

காலை ஷிப்ட் முடிந்து வந்தேன். வெளியே உறைபனி. மாடிப்படியிலேயே எங்கள் கதவுக்கு அடியிலிருந்து குளிர் காலில் அடித்தது. யாரோ பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு சன்னலும் அகலத் திறந்திருந்தன. அத்தை, குளிர்காலக் கோட்டு, கம்பளித் தொப்பி, மேலே யாகொதாவின் சிவப்புச் சால்வை எல்லாம் போட்டுக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மூலையில் இல்லை. நேர் நடுவில், காற்று போகிற வழியில், அந்த ஜூலையில் யாகொதா உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில். முகம் வெளுத்து, மூக்கு நுனி சிவந்து.

"அத்தை! என்ன பண்றீங்க!"

மூட ஓடினேன். கையை நீட்டித் தடுத்தார்.

"தொடாத. நேத்தும் நீ போனப்புறம் உக்காந்தேன். முந்தாநாளும்."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். காற்று இருவர் மேலும் போனது. பவளம் மொட்டு விரித்து நின்றது, பம்ப் தன் பாட்டுக்கு ஓடியது. என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தே கேட்டார்:

"எனக்கு ஒண்ணுமே ஆகலியேப்பா. கிழவி, எழுபத்தெட்டு வயசு, மூணு நாளு உக்காந்துட்டேன். தும்மல்கூட வரல. அப்ப அவளுக்கு ஏன் ஆச்சு?"

தெரியவில்லை, அத்தை என்றேன். எனக்கும் தெரியவில்லை. அவர் கை பனிக்கட்டியாக இருந்தது. பிடித்துக்கொண்டேன், அவர் இழுத்துக்கொள்ளவில்லை. யாகொதா போன நாளில்கூட நாங்கள் இப்படிச் சேர்ந்து அழுததில்லை.

பிப்ரவரி 8

இஷ்த்வான் வாளியோடு வந்தான். அத்தை அவனுக்குக் காப்பி கொடுத்து, வாளியில் ஊறுகாய் பாட்டில்களை அடுக்கி அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி 21

அவளுடைய இரண்டாம் வருட நினைவு நாள். கல்லறைக்குப் போனோம். படைக்க அவித்த கோதுமை, ஒயின், மெழுகுவத்தி. பனிக்காற்றில் மெழுகுவத்தி அணைந்துகொண்டே இருந்தது. அத்தை தன் கோட்டை விரித்து மறைத்தார், நான் பற்றவைத்தேன்.

மார்ச் 15

காலை 8.2. நீலப் பவளத்தின் கிளை நுனிகள் எல்லாம் வெள்ளையாக இருக்கின்றன. வளர்கிறது என்று அர்த்தம், யாகொதா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரியாக்டரின் சொட்டு மட்டும் மறுபடி அடைத்துக்கொண்டது. ஊசி தேடிக்கொண்டிருந்தேன்.

சமையலறையிலிருந்து சத்தம்:

"மாப்ள! ரெண்டையும் தெறந்துட்டேன். பத்து நிமிஷத்துல வந்து மூடுடா, நான் தலைக்குக் குளிக்கப் போறேன்."