விரலில் மாட்டிய கிளிப்பைப் பற்றி, அக்காவுக்கு

என் உயிரான அக்கா,

உன்மேல் இருக்கும் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். போகிறவள், உன் மகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

குக்கர் ஏன் விசிலடிக்கிறது, போடிமெட்டுக்கு ஜீப்பு ஏறும்போது காது ஏன் அடைக்கிறது என்று தர்ஷினி கேட்டால் நீ கை வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாய். தெரியாததற்கும், "தெரியலடி, பாத்துருவோம்" என்பாய். எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை, படிப்பும் இல்லை. போடியில் குடோனில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறவளிடம் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

நீ போன பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தேனி ஆஸ்பத்திரியில் நீ மூச்சுக்குத் திணறிக் கிடந்தபோது உன் விரலில் ஒரு கிளிப்பு மாட்டியிருந்தார்களே, அதைப் பற்றி.

"ஊசியே குத்தல. ரத்தத்துல இம்புட்டுத்தான் ஆக்சிஜன் இருக்குன்னு அதுக்கு எப்படி சித்தி தெரியும்?"

மச்சானிடம் கேட்டாள். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கேட்டாள். "அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும். அம்மாவ நெனச்சு அழாம படி" என்று டீச்சர் தலையைத் தடவி அனுப்பிவிட்டார். அவள் அழவே இல்லை அக்கா. துக்கம் கேட்க வந்தவர்களும், "புள்ள ஏங்கிப் போச்சு, மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்றார்கள். ஒரு பிள்ளை விவரம் கேட்கிறது. அது ஏன் ஒருத்தர் காதிலும் கேள்வியாக விழவில்லை?

போன வாரம் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று.

செல்போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். ஒருத்தன் மூச்சுவிடாமல் பேசுகிறான், அதிலும் பாதி இங்கிலீஷ். யாருக்குச் சொல்கிறான் இவன்? ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறியப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சம், எதிர்ப்பக்கம் அதைப் பார்க்கிற கண்ணு, ரத்தத்தின் நிறம் என்று அவன் சொன்னது மட்டும் மண்டையில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு அவளையும் கூட்டிப் போனேன். சாக்கு அடுக்கியிருக்கும் இருட்டு மூலையில் போன் டார்ச்சைப் போட்டு, அதன்மேல் அவள் விரலை வைத்தேன். விரல்நுனி செக்கச்செவேலென்று தெரிந்தது.

"வெளிச்சம் விரலுக்குள்ள பூந்து வருது பாத்தியா? கிளிப்புலயும் ஒரு பக்கம் வெளிச்சம் இருக்கு. மறுபக்கம் அதப் பாக்குறதுக்கு கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கு."

"பாத்து?"

முறத்தில் கிடந்த ஏலக்காயில் இரண்டை எடுத்துக் காட்டினேன். "இது நல்ல பச்ச. இது வெளுத்தது. நான் ஒடச்சா பாக்குறேன்? நெறத்த வச்சுத்தான பிரிக்கிறேன். ஆக்சிஜன் நெறைய இருக்குற ரத்தம் பளிச்சுனு செவப்பா இருக்கும். கொறஞ்சா கருத்துப் போகும். வெளிச்சம் எம்புட்டு தாண்டி வருதுன்னு வச்சு அது கண்டுபிடிச்சிரும்."

விரலை எடுக்காமலே கேட்டாள்: "கொறையுதுன்னு தெரிஞ்சிருச்சுல்ல. அப்புறமும் ஏன் சித்தி அவங்களால ஏத்த முடியல?"

ஆக்சிஜன் வைத்தார்களே, உன் நெஞ்சு ஏன் அதை வாங்கிக்கொள்ளவில்லை? என்னையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை அக்கா. கையெழுத்து வாங்கினார்கள், வெளியே நிற்கச் சொன்னார்கள். நானும் நின்றேன். இந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான், நீ எதனால் போனாய் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது என்று உறைத்தது.

"தெரியாது தாயி" என்றேன். "எனக்கும் தெரியணும்."

வருகிற திங்கட்கிழமைக்குக் குடோனில் லீவு சொல்லிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் தேனிக்குப் பஸ்சு ஏறுகிறோம். உன்னைப் பார்த்த டாக்டரிடம் அவளே கேட்பாள், நான் பக்கத்தில் இருப்பேன். சண்டைக்குப் போகவில்லை. சின்னப் பிள்ளையிடம் இதையெல்லாம் பேசலாமா என்று அவர் என் முகத்தைப் பார்த்தால், "எங்கிட்ட இல்ல சார், அவகிட்டச் சொல்லுங்க" என்பேன். அவளுக்குப் புரிகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கச்சி,
தர்ஷினிக்குச் சித்தி