தேய்ந்த நுனியும் மருந்து நோட்டும்

சின்னவளின் அப்பாவுக்கு வணக்கம். ஆண்டவன் தயவில் நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. நான் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவின் மகன், எங்கள் இருவருக்கும் ரத்தச் சோதனை செய்ய வைத்தார். உடம்புச் செல்களில் இருக்கும் இழைகளின் நுனிக்கு டெலோமியர் என்று பெயராம். வயது ஏற ஏற அது தேயுமாம். எண்பத்தெட்டு வயதுப் பெரியம்மாவுக்கு நீளமாக இருக்கிறது. அறுபத்தொன்றில் எனக்குக் குட்டை. அதனால் சாவு சீக்கிரம் வரும் அபாயம் அதிகமாம்.

"உங்களைப் பார்த்துக்கவே ஆள் வேணும் போலிருக்கு. ஊருக்குப் போய் ஓய்வெடுங்கம்மா" என்றார்.

நான் விடவில்லை. பெரியம்மாவைப் பார்க்கும் டாக்டரிடமே போய்க் கேட்டேன். "ஆயிரக்கணக்கானவங்களைச் சேர்த்துப் பார்த்துச் சொல்றதும்மா அது. உங்க ஒருத்தருக்கு நாள் குறிக்க முடியாது" என்றார்.

வந்ததும், மூன்று வருடமாக நேரம் தவறாமல் பெரியம்மாவுக்குக் கொடுத்ததை நான் எழுதும் மருந்து நோட்டை மகன் முன் வைத்தேன். "இதுல நான் ஒரு நாள் படுத்தேன்னு காட்டுங்க தம்பி, இன்னிக்கே கிளம்பறேன்."

அவர் புரட்டிக்கொண்டே இருந்தார். கட்டிலிலிருந்து பெரியம்மா கேட்டார்: "அவளை அனுப்பிட்டா என்னை யாருடா தூக்கி உட்கார வைக்கிறது? என்னோட நீள நுனியா?"

வேலை நிலைத்தது. என் நாளை எழுதியவன் மேலே இருக்கிறான். அவன் என்னிடம் ரத்தம் கேட்கவில்லை.

சோதனை விஷயத்தைச் சின்னவளிடம் சொல்லாதீர்கள். பெரிய எழுத்துப் பிரார்த்தனைப் புத்தகத்தை அனுப்புங்கள். வாசல் கதவு இன்னும் கிறீச்சிடுகிறதா? எண்ணெய் விட வேண்டாம். நான் வந்து திறக்கும்போது அது கத்த வேண்டும்.

பெரியம்மா கூப்பிடுகிறார்.

உங்கள் வீட்டுக்காரி